பெண் செடி பதுளையில், ஆண் செடி பூனாகலையில்

பதுளை
12 பெப்ரவரி 2024

ஞானேஸ்வரி அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேரே கேட்கிறேன். என் செடி எங்கே?

கூடப்பிறந்த ராத்தாவின் மகள் கல்யாணத்துக்கு அக்குறணைக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் மேலே மொட்டைமாடி ஸ்லெப்புக்கு ஓடினேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், நிழல் வலைக்குக் கீழே, சிவப்புப் புள்ளி போட்ட குடுவைகளோடு தொங்கிக்கொண்டிருந்த செடியைக் காணோம். வெறும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஸலீமிடம் கேட்டால், "மிஸ் சாமான் ஏத்தின நேரம் லொறியில அதையும் ஏத்தினாங்க. அவங்கடதுதானே எண்டு நெனச்சன்" என்கிறார். செருப்புக் கடைக்காரருக்கு எந்தச் சோடி யாருடையது என்று தெரியும். செடி விஷயத்தில் கண் தெரியாது.

பண்டாரவளையில் புஹாரியின் நர்சரிக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போன நாளை மறந்துவிட்டீர்களா? "காட்டில இருக்கிற பந்துராக் குடுவைச் செடியைத் தொட்டா சட்டம் பிடிக்கும் தங்கச்சி, இது நர்சரியில செஞ்ச கலப்பு" என்று சொல்லி அவர் காட்டிய இரண்டு பூச்சி தின்னும் செடிகளில், சிவப்புப் புள்ளியை எடுத்தது நான். பச்சையை எடுத்தது நீங்கள். இத்தனை வருடம் எங்கள் வீட்டுக் கீழ்ப்பகுதியில் குடியிருந்தீர்கள். உங்களைப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பூனாகலை டிஸ்பென்சரிக்கு மாற்றியது என் குற்றமா? அதற்காக நல்லதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போவதா?

உங்கள் தொலைபேசிக்கு அழைத்தால், தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொல்கிறாள். ஆகவே எழுதுகிறேன். முத்திரை ஒட்டிச் சண்டை பிடிப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஸிஹாமா


பூனாகலை
20 பெப்ரவரி 2024

திருமதி ஸிஹாமா ஸலீம் அவர்களுக்கு,

என்னைக் கள்ளி என்று நேரடியாக எழுதாமல் விட்ட உங்கள் பண்புக்கு நன்றி.

சிவப்புப் புள்ளிச் செடியைப் புஹாரியின் மேசையிலிருந்து முதலில் தூக்கியது என் கை. பச்சைக் குடுவை தோல் செருப்புப் போலப் பளபளக்கிறது, கடைக்கு ராசி என்று சொல்லி அதைக் கேட்டு வாங்கியது நீங்கள். பிறகு ஒரு மழை நாளில் இரண்டையும் தொட்டி மாற்றினீர்கள். பெயர் எழுதிய குச்சிகள் கழுவுப்பட்டுப் போயின. அன்றிலிருந்து சிவப்பு உங்களுடையதாகிவிட்டது. நான் குடியிருந்தவள், வாயைத் திறக்கவில்லை. போகிற போது மட்டும் என் பொருளை எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் வரும்வரை காத்திருக்க லொறிக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை.

இங்கே குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் இல்லை. பின்னேரம் ஆனால் மூடுபனி தேயிலை மலையிலிருந்து இறங்கி என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லொறியின் குலுக்கலில் செடி இரண்டு குடுவைகளை இழந்தது. இப்போது புதிதாக மூன்று வருகிறது. டிஸ்பென்சரியில் வேலை செய்கிற புஷ்பலதா அதைப் பார்த்து, "ஏங்க மிஸ், இதுக்குத் தண்ணி ஊத்துறதா, ஈ புடிச்சிப் போடுறதா?" என்று கேட்டாள். இரண்டும் என்றேன். அன்றிலிருந்து தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் நான் ஒரு மாதிரியான ஆள்.

இப்படிக்கு,
ஞானேஸ்வரி

பி.கு: செடியின் நுனியில் ஒரு தண்டு எழும்புகிறது. இலை இல்லை. சண்டைக்காரருக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.


பதுளை
1 மார்ச் 2024

அக்கா,

சண்டை அது பாட்டுக்கு இருக்கட்டும். தண்டு! இங்கேயும் தண்டு!

உங்கள் பி.கு.வை வாசித்துவிட்டு, அடுப்பில் பால் இருந்ததை மறந்து மேலே ஓடினேன். பச்சைச் செடியின் நுனியில், நெற்கதிர் மாதிரி, என் முழங்கை நீளத்துக்கு ஒன்று நிற்கிறது. நான் கோபத்தில் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிவிட்டது. ஸலீம் கீழேயிருந்து கத்தினார். நான் மேலேயிருந்து, "பூ! பூ!" என்று கத்தினேன். யாருக்கோ பிள்ளை கிடைத்துவிட்டதென்று பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

பூ என்றால் இதழ் இல்லை. சின்னச் சின்னப் பச்சை மொட்டுகள், விரிந்தால் தேன் ஒழுகுகிறது. புஹாரிக்குப் படம் அனுப்பினேன். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறாம். பூக்கும்வரை எது எதுவென்று யாருக்கும் தெரியாதாம். ஆண் பூவின் நடுவில் மஞ்சள் உருண்டை இருக்கும், பெண் பூவின் நடுவில் குண்டாகப் பச்சைக் காய் மாதிரி இருக்கும் என்றார். என்னுடையது குண்டு. பெண்!

ஆண் மகரந்தம் இல்லாவிட்டால் விதை இல்லை. "ஊவா முழுக்கத் தேடினாலும் இந்த நேரத்துல பூத்த ஆண் செடி கெடைக்காது தங்கச்சி" என்று புஹாரி சிரிக்கிறார். கீழேயிருந்து மேலே பூக்கள் விரிந்துகொண்டே போகின்றன. எல்லாம் வீணாகப் போய்விடும்.

அக்கா, உங்களுடையது, இல்லை, உங்களிடம் இருக்கும் என்னுடையது, பூத்துவிட்டதா? நடுவில் என்ன இருக்கிறது? பார்த்த உடனே எழுதுங்கள்.

ஸிஹாமா


பூனாகலை
8 மார்ச் 2024

ஸிஹாமா,

மஞ்சள்.

விரலால் தொட்டேன், விரல் நுனி மஞ்சளாகிவிட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பிறகு புஷ்பலதாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "மஞ்சப் பொடிதாங்க மிஸ், சந்தேகமே இல்ல" என்றாள். எனக்கு இந்த வயதில் இப்படி நெஞ்சு அடித்தது கடைசியாக எப்போது என்று ஞாபகம் இல்லை.

கீழ்ப் பூக்கள் ஏற்கெனவே வாடிவிட்டன. மேலே பாதி இன்னும் இருக்கிறது. இதை நான் சொல்லத்தான் வேண்டும்: உங்கள் பதுளை வெக்கையில் இருந்திருந்தால் இந்தச் செடி இப்போதைக்குப் பூத்திருக்காது. பனிதான் பூக்க வைத்தது. என் லொறியையும் பனியையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

தபாலில் அனுப்பினால் பையில் கிடந்து அவிந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை பண்டாரவளை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். அங்கே பதுளை பஸ்ஸுக்கு மாற்றி, ஸலீமின் கடையில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். மருந்துத் தூள் மடிக்கிற வெள்ளைத் தாளில் மடித்து, மாத்திரைப் போத்தலுக்குள் வருகிற ஈரம் உறிஞ்சும் பைக்கட்டோடு வைத்திருக்கிறேன். கிடைத்ததும் பெண் பூவின் தலையில் பூச வேண்டும். காலை வெயில் ஏறுமுன் செய்வது நல்லது.

ஞானேஸ்வரி


பதுளை
13 மார்ச் 2024

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஸலீம் அதைக் குடித்துவிட்டார்.

நேற்று முதல் நோன்பு. பஸ்காரர் பார்சலைக் கடையில் கொடுத்திருக்கிறார். மேலே உங்கள் கையெழுத்து, உள்ளே மருந்துத் தாள் மடிப்பு. இவருக்கு ஒரு கிழமையாக இருமல். நோன்பு திறந்து, கஞ்சியும் குடித்துவிட்டு, உங்கள் மகரந்தத்தை வெந்நீரில் கலக்கி ஒரே மிடறில் இறக்கிவிட்டார். நான் மேலே தூரிகையும் விளக்குமாக எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டுக் கீழே வந்து, "பஸ்ல ஒண்டும் வரல்லயா?" என்று கேட்கிறேன். "வந்திச்சே. மிஸ் இருமலுக்குத் தூள் அனுப்பி ஈந்தாங்க. கசக்கவும் இல்ல, நல்ல மருந்து" என்கிறார்.

நான் அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு மறுபடி அழுதேன். அவர் பயந்துபோய், "அப்ப என்னத்தையன் நான் குடிச்ச?" என்று கேட்டார். சொன்னேன். அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடாமல் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு ஏதாவது ஆகுமா? அதைவிட முக்கியம், உங்கள் தண்டில் இன்னும் பூ மிச்சம் இருக்கிறதா? என்னுடையதில் உச்சியில் கொஞ்சம்தான் விரியாமல் இருக்கிறது.

ஸிஹாமா


பதுளை
18 மார்ச் 2024

அக்கா,

பதில் வருமென்று தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். நீங்களே வந்திருக்கிறீர்கள்! வந்து, கடை வாசலில் நின்று, ஐஸ் போட்ட பிளாஸ்க்கை ஸலீமின் கையில் கொடுத்து, "இதைக் குடிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு, அதே காலோடு திரும்பிப் போயிருக்கிறீர்கள். நான் மேலே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஸலீம் ஓடி வந்து சொன்னபோது, நீங்கள் பஸ் நிலையத்துப் பக்கம் திரும்புவது தெரிந்தது. "அக்கா!" என்று கத்தினேன். கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா?

பூனாகலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவருக்கு ஒரு வாய்த் தேத்தண்ணீர் இல்லையா? நோன்பென்றால் எங்கள் வீட்டில் அடுப்பே எரியாதா? அந்தி வரை இருந்திருந்தால் கஞ்சி குடித்துவிட்டுப் போயிருக்கலாம். எனக்குச் செடியை எடுத்துப்போன கோபத்தைவிட இந்தக் கோபம் பெரிது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்கா, பூசிவிட்டேன்! தூரிகை முரடாக இருந்தது. சுர்மாக் குச்சியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதன் நுனியால் மஞ்சளைத் தொட்டு, ஒவ்வொரு பூவாக, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். கண்ணுக்குச் சுர்மா இடும்போதுகூட என் கை இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. ஸலீம் குடை பிடித்தார், காற்றில் பொடி பறக்காமல் இருக்க. பாவம், பரிகாரம் தேடுகிறார். இருமலும் நின்றுவிட்டது என்று சொல்லச் சொன்னார்.

ஸிஹாமா


பூனாகலை
14 ஏப்ரல் 2024

அன்பின் ஸிஹாமா,

பெருநாளுக்கு நீர் பஸ்ஸில் அனுப்பிய வட்டிலப்பம் உடையாமல் வந்தது. புஷ்பலதாவுக்குப் பாதி கொடுத்தேன். "செடிக்காரம்மா அனுப்பினதா?" என்று கேட்டாள். லயத்தில் இப்போது உமக்கும் பெயர் வைத்தாகிவிட்டது.

நீர் கூப்பிட்டது கேட்டது. திரும்பியிருந்தால் நீர் படியிறங்கி வந்திருப்பீர். உம்முடைய முகத்தைப் பார்த்ததும், ஸலீம் மகரந்தம் குடித்த கதையை நினைத்து நான் சிரித்திருப்பேன். சிரித்துவிட்டால் சண்டையைத் தொடர முடியாது. நான் சொன்னது சரி என்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் காரணம். பண்டாரவளை ஏறுமட்டும் ஜன்னலோரம் இருந்து என்னையே ஏசிக்கொண்டு போனேன்.

காய்கள் தடிக்கின்றனவா? பூசியது பிடித்திருந்தால் அவை நிமிர்ந்து வீங்கும். பிடிக்காதவை மஞ்சளாகி உதிரும். எறும்பு ஏறாமல் கம்பியில் வேப்பெண்ணெய் தடவும். உரம் ஒன்றும் போட வேண்டாம். உமக்கு உரம் போடுகிற கை.

ஞானேஸ்வரி


பதுளை
9 ஜூன் 2024

அக்கா,

காய்கள் வீங்கி, நீண்டு, காய்ந்த வாழைப்பூ மடல் நிறத்தில் பழுப்பேறத் தொடங்கியிருக்கின்றன. நான் தினமும் மூன்று தடவை ஏறிப் பார்க்கிறேன். இதைச் சந்தோஷமாக எழுதத்தான் இருந்தேன்.

ஸலீமின் தம்பி முன்ஸிப் கட்டாரிலிருந்து வந்துவிட்டார். அவருக்குக் கல்யாணப் பேச்சு. ஸ்லெப்புக்கு மேலே அவருக்கு ஒரு மாடி எழுப்பப் போகிறார்கள். 24ஆம் திகதி மேசன்மார் வருகிறார்கள். நிழல் வலையைக் கழற்ற வேண்டும். என் ஓர்க்கிட், கறுப்பு வௌவால் பூ, ஊறுகாய்க்குப் போட்ட ஐந்து நிற மிளகாய் எல்லாவற்றையும் கடைப் பின்பக்கம் இறக்கிவிடலாம். இதை இறக்க முடியாது. கடைப் பின்பக்கத்தில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. சீமெந்துத் தூசி வேறு. காய் முற்றுமுன் செடி வாடினால் எல்லாம் சூனியம்.

முன்ஸிபிடம் கேட்டேன், காய் வெடிக்கும்வரை ஒரு மாதம் பொறுக்க முடியாதா என்று. "மச்சி, பூச்சி தின்னுற செடிக்காக நான் கல்யாணத்தைப் பிந்தப் போடவா?" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஸலீம், "மிஸ்ஸிட்ட அனுப்புங்களேன்" என்கிறார். புஹாரியும் அதையே சொல்கிறார், பூனாகலைக் குளிர் இதற்குச் சொர்க்கம் என்று. எனக்குத்தான் கை வரவில்லை. மறைக்காமல் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்று ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இதுவும் வந்தால், எனக்குத் திரும்பி வருமா?

ஸிஹாமா


பூனாகலை
12 ஜூன் 2024

ஸிஹாமா,

கேட்க உமக்கு உரிமை இருக்கிறது. கேட்காமல் மனதில் வைத்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

இதோடு என் குவார்ட்டர்ஸ் கதவின் இரண்டாவது சாவியை வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வாரும். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திறந்துகொண்டு போய், எந்தச் செடியை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போம். சிவப்பையும்தான். நான் ஏன் எடுத்தீர் என்று ஒரு வரி எழுத மாட்டேன். கோபம் வந்தால் என்னோடு வைத்துக்கொள்வேன்.

பஸ்ஸில் அனுப்ப வேண்டாம். வான் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு நீரே வர வேண்டும். காய்த் தண்டை ஸலீமின் கடையில் நீண்ட பூட்ஸ் பெட்டி இருந்தால் அதற்குள் விட்டு, மெல்லிய தாளைச் சுற்றும். எல்ல மலைப்பாதை வளைவுகளில் வான்காரனை மெதுவாக ஓட்டச் சொல்லும். நான் விறாந்தையில் சிவப்புக்குப் பக்கத்தில் ஆணி அடித்துவிட்டேன்.

ஞானேஸ்வரி


பூனாகலை
21 ஜூலை 2024

ஸிஹாமா,

முதல் காய் வெடித்தது!

நீர் வந்து போன நாளிலிருந்து காய்களுக்கு மெல்லிய துணிப் பை கட்டியிருந்தேன். இன்று காலை பையை அவிழ்த்தால், உள்ளே விதை என்று சொல்ல ஒன்றும் இல்லை, தும்பு மாதிரி, பழுப்பு மயிர் மாதிரி. தும்மினால் போய்விடும். புஷ்பலதாவைத் தூரத்தில் நிற்கச் சொன்னேன். அவளுக்கு நேற்றிலிருந்து தடிமனும் தும்மலும்.

நீர் கொண்டு வந்து தந்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கேக் பெட்டியில் பாசியைப் பரப்பி, மேலே தூவி, மூடிவிட்டேன். மண் போட்டு மூடவில்லை, வெளிச்சம் வேண்டும். இனி நானும் நீரும் செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமான பகுதி.

அன்று நீர் இரண்டு செடியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டு, என் சமையலறையில் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினீரே. சாவி கையில் இருந்தும் சிவப்பைத் தூக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஞானேஸ்வரி


பதுளை
2 செப்டெம்பர் 2024

அக்கா,

இன்னும் ஒன்றும் இல்லையா? பாசி பூஞ்சணம் பிடித்துவிட்டதா? மூடிக்குள் நீர்த்துளி இருக்கிறதா? விதை பழசாகிவிட்டதோ? நான் சுர்மாக் குச்சியைச் சரியாகக் கழுவவில்லையோ? "ஒண்டையும் யோசிக்காதீங்க, பிள்ளை பெத்த வீட்டுலகூட இவ்வளவு கேள்வி இல்ல" என்கிறார் ஸலீம்.

ஆனால் ஒரு செய்தி. முன்ஸிபின் மாடி முடிந்து மேலே கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். நேற்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். அக்கா, மேலே இன்னொரு ஸ்லெப்! இத்தனை நாள் தோட்டம் போய்விட்டதென்று அழுதேனே, மாடி கட்டினால் அதற்கு மேலேயும் ஒரு ஸ்லெப் வருமென்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை! பழையதைவிட உயரம். காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. பதுளை ஓயா ஆறு வரைக்கும் தெரிகிறது. முன்ஸிபுக்கு மனைவியாக வரப்போகிறவளுக்குக் கீழே அறை, எனக்கு மேலே வானம். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் பேசிவிட்டேன். "எனக்கும் ஒரு பூச்சாடி வைக்க இடம் தருவீங்களா?" என்று கேட்டாள். பெயர் ரிஸ்கா. நல்ல பிள்ளை.

நிழல் வலைக்கு ஓர்டர் கொடுத்தாகிவிட்டது. முளைக்கச் சொல்லுங்கள்.

ஸிஹாமா


பூனாகலை
20 செப்டெம்பர் 2024

ஸிஹாமா,

இன்று காலை பெட்டியை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தேன். பாசிக்கு மேலே பச்சைப் புள்ளிகள். ஒன்றல்ல, இரண்டல்ல. பாசியின் பச்சையில்லை, வேறு பச்சை.

பூதக்கண்ணாடி மேசையில்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். திறக்கவில்லை. கை வைத்தேன், எடுத்துவிட்டேன். பெட்டிக்கு மேலே துணியைப் போட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். ஒரு ஆளுக்கு வயிற்று வலி மருந்தைக் கொடுக்காமல் "முளைச்சிட்டுது" என்று சொன்னேனாம். புஷ்பலதா பகல் முழுக்கச் சிரித்தாள்.

இதை நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வாரும். அதுவரை நான் திறக்க மாட்டேன். அதற்கு மேல் என்னால் உத்தரவாதம் தர முடியாது.

ஞானேஸ்வரி


பதுளை
24 செப்டெம்பர் 2024

அக்கா,

வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகியும் என் கண்ணுக்குள் அந்த இரட்டை இலைகள்தான். ஊசித் தலையளவு. நீங்கள் ஒன்று, நான் ஒன்று என்று மாறி மாறிக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டோமே, பார்த்திருந்தால் ஸலீம் என்ன சொல்லியிருப்பார்! எண்ணத் தொடங்கி இரண்டு பேரும் இரண்டு கணக்குச் சொல்லி, அதற்கும் சண்டை பிடித்தோம். நல்ல சண்டை அக்கா. நான் பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பாதியைக் கொண்டுபோம் என்றீர்கள். இப்போது வேண்டாம். என் ஸ்லெப்பில் வலை வரட்டும். அவை கொஞ்சம் பெரிதாகட்டும். உங்களிடம் இருந்தால் உங்களிடமே இருக்கட்டும். சாவிதான் என்னிடம் இருக்கிறதே.

ஸிஹாமா


பூனாகலை
6 டிசெம்பர் 2024

ஸிஹாமா,

ஒரு கிழமையாக மழை. மண்சரிவுக்குப் பயந்து மேல் லயத்து ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கியிருந்தார்கள். நானும் டிஸ்பென்சரியில்தான் கிடந்தேன். இன்று வெயில் கண்டதும் எல்லாரும் வீடு திரும்பினார்கள். நான் வந்ததும் நேரே பெட்டியிடம் போனேன். புஷ்பலதாவும் கூடவே வந்தாள்.

இரட்டை இலைக்கு நடுவில் எழும்பிய அடுத்த இலை, இலையே இல்லை. குடுவை! கடுகளவு இருக்கும். இந்தச் செடி சாதாரண இலை விட்டுப் பழகிப் பிறகு குடுவை செய்வதில்லை, முதல் வேலையே குடுவைதான். மூடி இருக்கிறது, விளிம்பு இருக்கிறது, வயிறு இருக்கிறது. சிலதில் வயிறு பச்சை, சிலதில் சிவப்புப் புள்ளி.

இதற்குத்தான் உடனே எழுதுகிறேன் என்று நினைக்காதேயும். கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த புஷ்பலதா திடீரென்று என் கையைப் பிடித்தாள். "மிஸ், உள்ளாற ஏதோ கருப்பா கிடக்குங்க." நான் குனிந்தேன். ஓரத்தில் இருந்த மிகச் சின்னதொரு குடுவைக்குள், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, காலை உதறிக்கொண்டு தண்ணீரில் மிதக்கிறது.

"ஐயோ மிஸ், கொழந்த சாப்புடுது!"

நான் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன், ஸிஹாமா. ஒரு கையில் பூதக்கண்ணாடியைப் பிடித்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக வந்தால் மன்னியும். இந்தக் கடிதத்தைப் பின்னேர பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். ரிஸ்காவையும் கூட்டிக்கொண்டு நாளைக்கே வாரும். பிந்தினால் அது செரித்துவிடும்.

ஞானேஸ்வரி